பதினாறு பக்கத் துணிச்சல்

மேல்வீட்டில் உறங்கும் மரியாதைக்குரிய மாமாவுக்கு, கீழ்வீட்டில் உறக்கம் போன மருமகள் எழுதிக்கொள்வது. தாங்கள் நலம் என்பது கூரை வழியாக வரும் குறட்டையிலிருந்தே தெரிகிறது. நான் நலமில்லை. காரணம் தாங்கள்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா விழித்தால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

போன மாதம் உங்கள் பைண்டிங் கடையிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் வெளியுறவுக் கொள்கை பற்றி எழுதியது. "அட்டை கோணலா ஒட்டிக்கிச்சு, அதான் கழிச்சுட்டாங்க. நீ படி, பெரிய ஆளா வருவே" என்றீர்கள். நம் தெருவிலேயே யார் யாரோடு பேசுவதில்லை என்று எனக்குத் தெரியாது, நாடுகளைப் பற்றி என்ன தெரியும்? இருந்தும் வரி விடாமல் படித்தேன். அதில் ஒரு நாடு கவலை தெரிவிக்கிறது, அடுத்த நாடு ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது, யாரும் எழுந்து போய் எதுவும் செய்வதில்லை. நம் வீட்டில் அம்மா கவலை தெரிவித்தால் அடுத்த நிமிடம் கரண்டி பறக்கும். 96ஆம் பக்கம் முடிந்ததும் 81லிருந்து அதே பேச்சு, ஓர் எழுத்து மாறாமல். அதையும் படித்தேன், மாமா! அது முடிந்ததும் 113இல் எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். சரி, சொன்னதையே திருப்பிச் சொன்னால் இந்தத் துறையில் பலன் உண்டு போலிருக்கிறது என்று நினைத்து, 'ஒரே கருத்தைப் பதினாறு பக்கம் அப்படியே திருப்பிச் சொல்லும் துணிச்சல் இவருக்கே உண்டு' என்று பள்ளி மலரில் மதிப்புரை எழுதிவிட்டேன். வரலாற்று டீச்சர், "எவ்வளவு ஆழமா படிச்சிருக்கே!" என்று மெச்சி, அதைத் தூதருக்கே அனுப்பிவிட்டார். நாளை பத்து மணிக்கு அவர் வருகிறார். மேடையில் அவர் பக்கத்தில் எனக்கு நாற்காலி.

இன்று சாயங்காலம்தான் அக்கா புத்தகத்தைப் புரட்டினாள். "ஏண்டி, பக்க எண்ணைப் பாக்கவே மாட்டியா? அதே பதினாறு பக்கத்தை ரெண்டு தடவை வச்சுத் தச்சிருக்காங்க. நடுவுல ஒரு போரையே காணோம். இதுல போய்த் துணிச்சலைக் கண்டுபிடிச்சாளாம்!" விக்கல் வரும்வரை சிரித்தாள்.

இருபது வருடமாகத் தைக்கிறீர்களே மாமா, பதினாறு பக்கமாக மடித்த தாள்கட்டு ஒரு பாரம் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தீர்களே, ஒரு பாரத்துக்கும் இன்னொரு பாரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? அட்டை கோணல் என்றீர்கள், வயிற்றில் இரட்டைப் பிள்ளை இருப்பதை ஏன் சொல்லவில்லை? பள்ளிக்கூடமே கைகொட்டிச் சிரிக்கப்போவது உங்களைப் பார்த்தா, என்னைப் பார்த்தா? நாளை ஒன்பது மணிக்குள் நல்ல பிரதி ஒன்றோடு பள்ளிக்கு வந்து, 'தப்பு என்னுடையது' என்று டீச்சரிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வராவிட்டால் நானும் உங்கள் மேல் கவலை தெரிவிப்பேன், அம்மாவின் முறையில்.

அத்தைக்கு வணக்கம். தொட்டிலில் இருக்கும் வாலுக்கு முத்தம். உங்களுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உங்கள் புண்ணியத்தில் மேடையேறும் மருமகள்

பி.கு.: அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி டீச்சர் ஓர் உறை தந்திருந்தார். புகார் என்று பயந்து பையிலேயே ஒளித்துவைத்திருந்தேன். இப்போது பிரித்தேன். தூதரின் கடிதம். 'நாற்பது வருடமாக ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எந்த அரசும் கவனிக்கவில்லை. இந்தச் சிறுமி கவனித்திருக்கிறாள். அந்தப் பக்கங்களை மேடையில் அவளோடு சேர்ந்து வாசிக்க ஆசை' என்கிறார். மாமா, நல்ல பிரதியைத் தயவுசெய்து கொண்டுவந்துவிடாதீர்கள். விடிவதற்குள் அவருக்கும் இதே மாதிரி ஒன்று தைத்துக் கொடுங்கள்.