ஈயத்தாளில் சுற்றிய கிரீன் டீ

அரைகுறையாக எதையாவது படித்தவர்களிடம் பொட்டலம் கட்டும் வேலையைக் கொடுக்கவே கூடாது. நான் அப்படிப்பட்டவள்தான்.

குன்னூர்ப் பக்கத்து மலை ஊரான எமரால்டில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த சமயம். என் வீட்டுக்காரர் கொழுந்தை வாணலியில் வாட்டி, கையாலேயே உருட்டி, கிரீன் டீ செய்யப் பழகினார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். குன்னூர் பஜாரில் டீத்தூள் கடை வைத்திருக்கும் பாய், "சாம்பிள் கொண்டாங்க, பிடிச்சா மாசாமாசம் எடுத்துக்கறேன்" என்றார். அவர் எடுத்தால் தோட்டம் தப்பிக்கும். இல்லாவிட்டால் அதை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான்.

பிளாஸ்டிக் கவருக்கு எங்கள் மலையில் தடை. வீட்டுக்காரர் பேப்பரில் கட்டப் போனார். நான் விடுவேனா?

"ஏனுங்க, டீக்கு ஈயத்தாள்தானுங்க. அந்தக் காலத்துல டீப் பெட்டிக்குள்ள அதைத்தான் ஒட்டி அனுப்புவாங்க. நெசமான ஈயத்துல செஞ்சதுனாலதான் அந்தப் பேரு. இப்ப வர்றதெல்லாம் அலுமினியம். வாசம் உள்ளயே நிக்குமுங்க!"

அவர் வாயைப் பிளந்து கேட்டார். (கல்யாணமாகி அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.)

எங்கள் வீட்டில் அந்தத் தாளுக்கு ஓய்வே கிடையாது. சப்பாத்தி சுற்றவும் அதுதான், தணலில் உருளைக்கிழங்கு சுடவும் அதுதான், கசங்கிவிட்டால் பாத்திரம் தேய்க்கவும் அதுதான். நான் கழுவித் துடைத்து மடித்து வைப்பேன். அன்று கைக்கு வந்தது, என் அம்மா நெத்திலிக் கருவாட்டு வறுவல் கட்டி அனுப்பிய தாள். சோப்புப் போட்டுக் கழுவியதுதானே என்று நினைத்தேன். மோந்துகூடப் பார்த்தேன். கருவாட்டிலேயே வளர்ந்த மூக்கு, ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பது மட்டும் நான் படித்த பக்கத்தில் இல்லை.

கடையில் பாய் வெந்நீர் ஊற்றினார். ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். இன்னொரு வாய். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உங்க தோட்டம் எமரால்டு டேம் பக்கமா, ராமேஸ்வரம் பக்கமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கொப்புளக் கையைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. விம்மிக்கொண்டே நெத்திலிக் கதையைச் சொன்னேன். பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அழாதீங்கம்மா. இலை நல்லாத்தான் உருண்டிருக்கு. அடுத்த வாரம் கொண்டாங்க. பொட்டலத்தை மட்டும் அவரே கட்டட்டும்."

அவரே கட்டினார். இன்றும் பாய் எங்களிடம்தான் வாங்குகிறார். பேக்கிங் நடக்கும் அறைக்குள் நான் நுழையக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

என் கொழுந்தனார் வந்தால் இன்னும் மோசம். டீயை நீட்டினால் வாங்க மாட்டார். பந்தியில் உட்காருவது போலச் சம்மணம் போட்டுக்கொண்டு, "அண்ணி, மொதல்ல சோத்தைப் போடுங்க. இதை ஊத்திப் பிசைஞ்சுக்கறேன்" என்பார்.