பிரெஞ்சு இசைத்தட்டின் மறுபக்கம்

இதை முதலில் எனக்குச் சொன்னது பெஞ்சமின் அண்ணாச்சியேதான். இந்த ஆனி மாதம், சாரல் நன்றாக விழுந்த ஒரு சனிக்கிழமை, ஐந்தருவியில் வைத்துச் சொன்னார். அவர் மனைவி ரெபேக்காள் அக்கா குளிக்கப் போயிருந்தாள். எனக்குச் சளி. துணிப்பைகளுக்குக் காவலாக நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் நாங்கள் ஒரே சபை. யாரிடமாவது சொன்னால்தான் நெஞ்சு ஆறும் என்று ஆரம்பித்தார்.

பத்தொன்பது வயதில், பாளையங்கோட்டையில் படிக்கும்போது, ஒரு சிநேகிதன் வீட்டில் பிரான்ஸ் தேசத்து இசைத்தட்டு ஒன்றைக் கேட்டாராம். பழைய சாகசக் கதைகளை அந்த ஊர் வாலிபர்கள் பாட்டாக்கி வைத்திருந்தார்கள். கடலுக்கடியில் பயணம், பலூனில் பறப்பது, தனித்தீவில் ஒற்றை ஆள். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிஷம். கிட்டார், டிரம், நடுவில் சபைக் கோயிலில் வாசிக்கிற மாதிரி ஆர்கன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, கதை மட்டும் புரிந்தது. தீவுக்காரன் கரையில் நின்று கடலைப் பார்ப்பதோடு முதல் பக்கம் முடிந்தது. தட்டைத் திருப்பிப் போட்டார்கள். கரண்ட் போய்விட்டது. அந்தக் கோபத்தில்தான் மின்வாரியத்தில் சேர்ந்தாரோ என்னவோ. மறுநாள் சிநேகிதன் தட்டோடு ஊரை விட்டே போய்விட்டான்.

அந்த ஆள் வீடு திரும்பினானா இல்லையா? நாற்பத்திரண்டு வருஷமாக அண்ணாச்சிக்கு இதே யோசனை. போனில் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் பிரான்சில் வேலை பார்க்கும் மகள் ரூபி, பழைய சாமான் சந்தையில் அதே தட்டைக் கண்டெடுத்து, ஒரு பிளேயரும் வாங்கி அனுப்பிவிட்டாள்.

பார்சல் வந்த நாள்தான் சரியில்லை. சாம்பல் புதனுக்கு மறுநாள்.

சாம்பல் புதனோடு லெந்து என்கிற தவ நாட்கள் தொடங்கிவிட்டால் ரெபேக்காள் அக்கா வீட்டில் டிவிக்குப் போர்வை போர்த்திவிடுவாள். ஈஸ்டர் வரை நாற்பது நாளும் கறி மீன் கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது. அண்ணாச்சி குளிக்கும்போது முணுமுணுத்தால்கூட வெளியே செருமல் கேட்கும். நாற்பத்திரண்டு வருஷம் பொறுத்தவருக்கு இந்த நாற்பது நாளைப் பொறுக்க முடியவில்லை.

அக்கா இசைத்தட்டின் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அதில் கடலுக்குள்ளிருந்து ஒரு பெரிய பேய்க்கணவாய் தன் கைகளால் கப்பலைக் கட்டிப் பிடித்திருந்தது.

"என்னங்க இது?"

"பிரெஞ்சு ஞானப்பாட்டு. லெந்துப் பாட்டு. இது யோனா சரித்திரம்."

"யோனாவை முழுங்குனது மீனுல்லா? இதுக்கு எட்டுக் கை இருக்கே."

"அந்தக் கடல்ல மீனு அப்படித்தான் இருக்கும்ட்டி."

அக்கா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தேவனுடைய பாட்டை ஒரு ஆள் மட்டும் மூலையில் உட்கார்ந்து கேட்கக்கூடாது, அடுத்த வெள்ளிக்கிழமை நம் வீட்டில்தான் ஜெபக்கூட்டம், அங்கே எல்லாருமாகக் கேட்போம் என்று சொல்லி, தட்டை வேதப்புத்தகத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் முக்காடு போட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். பதினைந்து பெண்கள், நடுவில் எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மா. பிரெஞ்சு யாருக்குத் தெரியும்? அண்ணாச்சி எழுந்து நின்று விளக்கம் சொன்னார். டிரம் இடித்தால் புயல். ஒருவன் சிரித்தால் சாத்தான். பலூன் போனது எலியா பரலோகம் ஏறினது. தீவுக்காரன், கப்பல் உடைந்து கரையேறின பவுல். ஆர்கன் வந்தபோது நான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். முதல் பக்கம் முடிந்து அவர் தட்டைத் திருப்பப் போனார். "இன்னைக்கு இது போதும்ங்க, ஜெபிப்போம்" என்றாள் அக்கா.

ஐயரம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வெள்ளி அவர்கள் வீட்டில் வைக்கச் சொன்னார்கள். அங்கே புதிதாகப் பத்துப் பேர். ஆரம்பத்திலிருந்து கேட்டால்தானே அவர்களுக்குப் புரியும் என்று மறுபடியும் முதல் பக்கம். மூன்றாம் வெள்ளி பக்கத்து ஊர் இலத்தூர். நாலாம் வெள்ளி வடகரை, ஐந்தாம் வெள்ளி அங்கேயே இன்னொரு வீடு. பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி ஆட்டோவில் போனார், கணவாயை யோனாவின் மீனாக்கினார், சுக்குக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் தட்டு பீரோவுக்குப் போய்விடும். ஐந்து வெள்ளி, ஐந்து வீடு, ஒரே பக்கம்.

ஈஸ்டர் வந்தது. டிவிக்குப் போர்த்திய போர்வை இறங்கியது. மறுநாள் திங்கட்கிழமை முழுக்க அண்ணாச்சிக்கு மட்டும் இலத்தூரில் தங்கச்சி வீட்டு விருந்து. செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பீரோ சாவியைக் கேட்டார்.

"லெந்துப் பாட்டை உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு அப்புறம் யாராவது போடுவாங்களா? அடுத்த சாம்பல் புதனுக்கு எடுப்போம்" என்றாள் அக்கா.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. அது லெந்துப் பாட்டு இல்லை, சும்மா கதைப்பாட்டுதான் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்போ அஞ்சு வீட்டுலயும் ஜெபத்துல நின்னுக்கிட்டு நீங்க சொன்னது?"

அக்கா சத்தம் போடவில்லை. தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்: "ஐயரம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுதீங்களா, இல்ல லெந்துப் பாட்டாவே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

"ரூபி பார்சல் போட்ட அன்னைக்கே எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா" என்றாள் அக்கா. "நேத்து நீங்க விருந்துக்குப் போயிருந்தப்போ நான் மறுபக்கத்தைப் போட்டுக் கேட்டேன். லெந்துதான் முடிஞ்சிட்டே, எனக்கென்ன தடை? முடிவு நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தத் தீவுக்காரன் வீடு வந்து சேர்ந்தானா என்று கேட்டாராம் அண்ணாச்சி.

"பவுலுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். பவுல் தீவை விட்டுப் போனது வேதத்தில் இருக்கிறது, வீடு திரும்பினாரா என்பது மட்டும் இல்லை.

அடுத்த சாம்பல் புதனுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை நீங்கள் அவரைத் தெருவில் பார்த்தால், பாட்டைப் பற்றி மட்டும் கேட்காமல் இருங்கள்.