கண்ணாடிக்கு உருளைக்கிழங்கு தேய்ச்ச கதை

போன ஞாயித்துக்கிழம எனக்கு ஒரே ஒரு வேல. மச்சினி சுமதிய நகரியிலேர்ந்து திருப்பதிக்குக் கார்ல கூட்டிக்கினு போய் டீச்சர் எக்ஸாம் சென்டர்ல விடணும். ஒம்போது மணிக்கு கேட் மூடிடுவாங்க. அந்தப் பொண்ணு மூணு வருஷமா இதுக்குத்தான் படிச்சுக்கினு இருந்துது.

காலையிலேர்ந்து மழை. மழையில கார் கண்ணாடிய பனி மூடிக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கு வழியும் தெரியும். செல்லுல வீடியோ பாத்திருந்தேன். உருளைக்கிழங்க ரெண்டா வெட்டி உள்பக்கம் தேய்ச்சா பனியே படியாதாம்.

தேய்ச்சேன்.

"இன்னா மாமா, கண்ணாடிக்குக் குருமா வெக்கறீங்களா?"ன்னா சுமதி.

"பதினஞ்சு வருஷமா ஓட்டறேன். பேசாம ஏறு."

சுமதி முன்சீட்டு. என் பொண்டாட்டியும் மாமியாரும் பின்னால. நாலு பேரும் ஜன்னல ஏத்திக்கினு மூச்சு விட்டோம். அவ்ளோதான் செஞ்சோம்.

ஊர் தாண்டறதுக்குள்ள கண்ணாடி வெளுத்துப்போச்சு. பனி பாதி, கிழங்கு மாவு பாதி. எதிர்ல வர்ற லாரி மோர்ல முங்கின மாதிரி தெரியுது.

வைப்பர ஃபுல் ஸ்பீடுல போட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு மாமியார் மெதுவா சொன்னாங்க, "மாப்ள, வைப்பர் வெளிய ஆடுது. பனி உள்ள இருக்குது."

"ஏங்க, ஏசி போட்டுப் பாருங்க"ன்னா பொண்டாட்டி.

"மழையில எவனாவது ஏசி போடுவானா? ஒரு துணி குடு."

மாமியார் ஒண்ணு குடுத்தாங்க. நல்லா அழுத்தித் தொடச்சேன். அது அதிரசம் சுத்தி வெச்சிருந்த துணின்னு அப்புறம்தான் சொன்னாங்க.

இப்ப பனி, மாவு, எண்ணெய்.

புத்தூர் கிட்ட தலைய ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கினு ஓட்டறேன். பாதி மழை என் காதுல. பக்கத்துல சுமதி ஹால் டிக்கெட்டப் பிடிச்சுக்கினு மணிய பாக்கறா. அவ திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

ஒரு போலீஸ்காரர் கை காட்டினாரு.

"தல எந்துக்கு சார் பயட்ட பெட்டாரு?"

ஏன் தலைய வெளிய வெச்சிருக்கேன்னு தெலுங்குல கேக்கறாரு. "கண்ணாடியில ஒண்ணும் தெரியல சார்"ன்னேன்.

குனிஞ்சு பாத்தாரு. கைய உள்ள விட்டு ரெண்டு பட்டன அமுக்கினாரு. ஒண்ணு ஏசி. இன்னொண்ணு, காத்த நேரா கண்ணாடி மேல அடிக்கிறது. வண்டி வாங்கின நாள்லேர்ந்து அந்தப் பட்டன் அங்கதான் இருந்திருக்குது.

ரெண்டு நிமிஷத்துல பனி போச்சு. மாவையும் எண்ணெயையும் பாத்துட்டு, "இதேமிட்டி சார், டிபனா?"ன்னாரு.

சுமதி இறங்கி எதிர்க்கடையில ஷாம்பூ பாக்கெட் வாங்கியாந்து கண்ணாடியக் கழுவினா. கழுவிட்டு என் பக்கத்துக் கதவத் தொறந்தா.

"மாமா, நீங்க பின்னால ஒக்காருங்க."

லைசென்ஸ் வாங்கி நாலு மாசம்தான் ஆவுது அவளுக்கு. நான் இறங்கிப் பின்னால போனேன். மாமியார் நகந்து எடம் குடுத்தாங்க, ஒரு அதிரசமும் குடுத்தாங்க. துன்னுக்கினே வந்தேன். ஒம்போதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேட்டுல நிறுத்தினா. தலையக்கூடத் திருப்பாம உள்ள ஓடிட்டா.

எக்ஸாம் நல்லா எழுதினேன்னு சொன்னா. திரும்பி வர்றப்ப மழையே இல்ல, நல்ல வெயில். அப்பவும் சாவிய எங்கிட்ட யாரும் குடுக்கல.