அண்டா மூடியில் ஒரு ரேகை

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? சளி, இருமல், முட்டி வலியெல்லாம் தேவலையா? மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டு அர்த்தனாரிதான் பாவம், கோர்ட்டுக் கூண்டில் நிற்கிறார்.

அடிவாரத்து முள்ளுக்குறிச்சி ஹபீப் ரஹ்மான் மகள் கல்யாணத்தன்று, அவர் கிடங்கில் இருந்த மிளகு மூட்டை காணாமல் போனது. அதே கிடங்கில்தான் பிரியாணி அண்டாவும் இருந்தது. அண்டா மூடியில் கிடைத்த கைரேகை அர்த்தனாரியுடையது என்றது போலீஸ்.

"அன்னிக்கு நான் மலையை விட்டே எறங்கலீங்கம்மா," என்றார் அவர் நீதிபதியிடம்.

"பஸ் கண்டக்டர் உங்களைப் பாத்திருக்காரு," என்றார் அரசு வக்கீல்.

"எறங்குனேனுங்க. மாத்திரை வாங்க..."

"மாத்திரை மிளகுக் கிடங்குலயா விக்கிறாங்க? ஆள் பொய் சொல்லலாம், ரேகை சொல்லாது!"

கோர்ட்டு சிரித்தது. அர்த்தனாரி முன்வரிசையை ஓரக்கண்ணால் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஜெயில் இல்லை, மானம்தான் போகும். அந்தக் கல்யாணத்தின்போது மலையில் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். யாரும் கவுச்சி தொடக் கூடாது. கருவாட்டு வாசம் வந்ததற்கே குழந்தைசாமி குடும்பத்தைத் தேர்வடம் தொட விடாத ஊர்ப்பெரியவர் இவர். அந்தக் குழந்தைசாமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா கேக்கிறேன். எதுக்குப் போனீங்க?" என்றார் நீதிபதி.

"பிரியாணி திங்கத்தானுங்க."

"சத்தமா சொல்லுங்க."

"பிரியாணிங்கம்மா! ரெண்டாந்தரமும் வாங்கித் தின்னேன். ஆனா மூடியைத் தொடவே இல்லீங்க. அவங்கதான் போட்டாங்க."

"அடப் பாவி மனுசா!" அர்த்தனாரியின் மனைவி பாப்பாயி எழுந்து கத்தினாள். "காப்புக் கட்டுன கையில கறியா? ஊட்டுல வெங்காயங்கூட ஆகாதுன்னீங்களே! எந்த மொகத்தோட இனி மலையேறுவேன்?"

குழந்தைசாமி தொண்டையை மட்டும் கனைத்தார். அர்த்தனாரி கூண்டுக்குள் சுருங்கிப் போனார்.

"தொடலைங்கிறாரே, இங்கயே விரலை வெச்சுப் பாருங்க," என்றார் நீதிபதி.

மை தடவி எடுத்தார்கள். கைரேகை நிபுணர் கண்ணாடி வைத்துக் குனிந்தவர், நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினார். பொருந்தவில்லை.

ரேகை எடுத்த போலீஸ்காரர் யுவராஜ் தலையைச் சொறிந்தபடி எழுந்தார்.

"மன்னிக்கணுங்கம்மா. அவங்க ஊட்டுல ரெண்டு பேருகிட்டயும் எடுத்தேன், பேரை மாத்தி ஒட்டிட்டேன். மூடியில இருக்கிறது பாப்பாயி அம்மாவோட ரேகைங்க."

உங்க ஊர்லயும் காப்புக் கட்டிக்கிட்டு கை நனைச்சவங்க இருந்தா, வெக்கப்படாம எழுதுங்க கண்ணுகளா.