அளவுக்கு மீறிப் பச்சையான கோதுமை

கஃபர் தூத் கிராமத்து விவசாயக் கூட்டுறவுச் சங்கம் பதினோரு ஆண்டுகளாக இரசாயன உரத்தை எதிர்த்துப் போராடி வருகிறது. போராட்டம் எளிமையானது. மூன்று மூட்டை யூரியா வாங்குகிறவர் கூடவே ரசாயனத்துக்கு மாற்றாக ஒரு பொட்டலம் பாக்டீரியா உரமும் வாங்கிக்கொள்ள வேண்டும். "பெற்றுக்கொண்டேன், பயன்படுத்தினேன், பலன் கண்டேன்" என்று அச்சடித்த தாளில் அங்கேயே கைநாட்டு வைக்க வேண்டும். விதைப்பதற்கு முன்பே எல்லோரும் பலன் கண்டுவிடுவதால் ஆண்டறிக்கை ஒருநாளும் தாமதமானதில்லை. விளைச்சல் முப்பது சதவீதம் உயர்ந்தது என்று அறிக்கை கெய்ரோவுக்குப் போகும். பொட்டலங்கள் வாய்க்காலுக்குப் போகும்.

ஷஹாத்தாவுக்கு மட்டும் இந்தப் போராட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. அவனுடைய புது உர அட்டையை இயந்திரம் ஏற்கவில்லை. அப்படி ஒரு ஆளே உயிரோடு இல்லை என்பது அதன் கருத்து.

"அப்ப என் ரெண்டு ஃபெத்தான் நிலத்துக்கு என்ன வழி, இன்ஜினியர் ஐயா?"

சங்கத்து இன்ஜினியர் வஹ்பி இளகிய மனசுக்காரர். "யூரியாவுக்குத்தான்யா அட்டை வேணும். பாக்டீரியாவுக்கு வேண்டாம். எவன் கேக்கறான்? வேணுங்கறதை அள்ளிக்கிட்டுப் போ."

ஆறு பொட்டலம் வீட்டுக்கு வந்தது. அவன் மனைவி நகாத் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அந்த ஊரில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்த முதல் ஆள் அவள்தான்.

"கரும்புப் பாகுல கரைச்சு விதையில பூசணுமாம். வெயில் படக்கூடாதாம். அன்னிக்கே விதைச்சிடணுமாம்."

"உள்ள என்னடி இருக்கு?"

"உயிரு."

"செத்த மண்ணாட்டம்ல இருக்கு!"

"உங்களையும்தான் மிஷின் அப்படிச் சொல்லுது."

காலை ரொட்டிக்கு வைத்திருந்த பாகு முழுவதும் விதைக்குப் போனது. பிள்ளைகள் மூன்று பேரும் வெறும் ரொட்டியைத் தின்றார்கள்.

பிப்ரவரியில் ஷஹாத்தாவின் கோதுமை கருகருவென்று பச்சைகட்டி நின்றது. சுற்றுவட்டார வயல்கள் மஞ்சளாக இருந்தன. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சங்கத்தில் வாங்கிய மூன்று மூட்டையில் இரண்டை வெளியே இரட்டை விலைக்கு விற்றுவிட்டு ஒன்றை வயலில் தூவுவதுதான் ஊர் வழக்கம்.

பச்சை நிறம் குறித்துப் புகார் போனது. வஹ்பி சங்கத்து ஆய்வுக் குழுவோடு வரப்பில் வந்து நின்றார்.

"யூரியா யார்கிட்ட வாங்கினே?"

"வாங்கல ஐயா. நீங்க குடுத்த பாக்டீரியாதான்."

"என்னையே கிண்டல் பண்றியா?" வஹ்பிக்கு முகம் சிவந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். "இந்த ஊர்ல எல்லாரும் பாக்டீரியா போட்டிருக்காங்க. கைநாட்டு இருக்கு. ஆக, பாக்டீரியா போட்ட கோதுமை எப்படி இருக்கும்?" பக்கத்து வயலைக் காட்டினார். "அந்தா, அப்படி இருக்கும். உன்னுது அப்படி இல்ல. அப்ப நீ போட்டது பாக்டீரியாவே இல்ல."

எவ்வளவோ யோசித்தும் ஷஹாத்தாவால் இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒருத்தரும் போடல ஐயா! எல்லாம் வாய்க்கால்ல கிடக்கு! கரீப் அண்ணே, நீங்களாவது சொல்லுங்க!"

பக்கத்து வயல்காரர் கரீப் தன் மஞ்சள் கோதுமையைப் பரிவோடு தடவினார். "எனக்கு நல்ல பலன்பா."

வஹ்பி ஷஹாத்தாவைத் தனியே அழைத்துப் போனார். "கள்ள யூரியான்னு எழுதிக் குடுத்தா அபராதத்தோட போயிடும். பயிர் உனக்கு. பாக்டீரியான்னு அடம்பிடிச்சா ஊரே பொய்க் கைநாட்டு, பதினோரு வருஷ அறிக்கை பொய், நானும் பொய். வழக்கு முடியற வரைக்கும் கதிரைத் தொட முடியாது. நின்ன இடத்துலயே உதிரும். அஞ்சு வயிறு இருக்குல்ல உன் வீட்ல?"

ஷஹாத்தா கட்டைவிரலை நீட்டினான். வாழ்நாளில் ஒருமுறை ஒழுங்காக விவசாயம் பார்த்ததற்குத் திருட்டுப் பட்டம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதான்.

அறுவடை அமோகமாக இருந்தது. அடுத்த நவம்பரில் நகாத் மிச்சமிருந்த இரண்டு பொட்டலத்தையும் புதிதாகக் காய்ச்சிய பாகையும் எடுத்து வைத்தாள்.

"வேண்டாண்டி. மறுபடி பச்சையா வந்து தொலைச்சா?"

பொட்டலங்களை அவனே கொண்டுபோய் வாய்க்காலில் போட்டான். பிறகு கரீப் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ரெண்டு மூட்டை யூரியா குடுங்கண்ணே. ஆனா, என்கிட்டயே விக்க உங்களுக்கு உறுத்தலையா?"

"உறுத்தறதுக்கு என்ன இருக்கு? கள்ள யூரியா வாங்கறவன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கே. உன்கிட்ட விக்காம வேற யார்கிட்ட விக்கறது?"

இரண்டு ஃபெத்தானுக்கு இரண்டு மூட்டை எப்படிப் போதும்? பிப்ரவரியில் அவன் கோதுமையும் ஊரோடு ஒத்து மஞ்சளாக நின்றது. குழு வந்தது. வஹ்பி வரப்பில் குந்தி ஒரு கோதுமை இலையைக் கிள்ளிப் பார்த்தார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பாருங்கய்யா எல்லாரும்! போன வருஷம் கள்ள உரத்துல மூழ்கிக் கிடந்தவன். இன்னிக்கு சுத்தமான பாக்டீரியா விவசாயம்! மனுஷன் திருந்தறதுன்னா இதுதான்!"

ஊரே கைதட்டியது. கரீப் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். முன்மாதிரி விவசாயி என்று சான்றிதழ் எழுதி, ஷஹாத்தாவைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், அவனுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.