பிரேக் அக்கா யூ டர்ன் தேடிப் போன நாள்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இன்று ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் ஏச்சு வாங்கியவர்கள். மீதிப் பாதி, அந்த ஏச்சைத் தாங்க முடியாமல் எல்ஆர்டி ரயிலில் போகிறவர்கள்.

அக்கா வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலில் நான் கவுண்டரில் இருந்தேன். போன் எடுப்பது, யாருக்கு எப்போது வகுப்பு என்று சொல்வது, அழுதுகொண்டு வரும் மாணவர்களுக்கு டிஷ்யூ கொடுப்பது, இதுதான் என் வேலை. அக்காவின் சொந்தப் பெயர் எனக்கும் பாஸுக்கும் மட்டும் தெரியும். பாஸும் பல சமயம் மறந்துவிடுவார்.

பழகும் காடியில், அதாவது டிரைவிங் ஸ்கூல் காரில், இடது பக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும், சொல்லிக்கொடுக்கிறவருக்காக. பல வருடம் அந்த பிரேக்கை மிதித்து மிதித்து, அக்காவின் இடது கால் தனி உயிராகிவிட்டது. லிஃப்ட் இறங்கினால் மிதிக்கும். சினிமாவில் வில்லன் துரத்தினால் மிதிக்கும். எங்கள் ஆபிஸ் கல்யாணம் ஒன்றில் கெட்டிமேளம் வேகமெடுத்தபோது 'டொம்' என்று தரையை மிதித்தது. முன்வரிசைப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்பீடு ஜாஸ்தி அங்கிள்" என்றார் அக்கா.

வகுப்பில் அவர் பேச்சு தெருமுனை வரை கேட்கும். "கண்ணாடியப் பாருன்னா ஒன் மூஞ்சியப் பாக்கச் சொல்லல. பின்னாடி வர்ற லோரியப் பாரு." "அது கரண்டு கம்பம் லா. அது நகராது, நீதான் நகரணும்." ஒரு பேங்க் மேனேஜர் இதைக் கேட்டு நடுரோட்டில் காடியை நிறுத்தி, இறங்கி, வீட்டுக்கே நடந்து போய்விட்டார்.

ஆனால் ஒரு விஷயம் எங்களில் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. இத்தனை பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த அக்கா, தானாகத் தனியாக எங்கேயும் ஓட்டிப் போனதே கிடையாது. வேலையில் மாணவர்கள் ஓட்டுவார்கள். வீட்டில் கணவர் ஓட்டுவார். அவர் லோரி டிரைவர், ஸ்டியரிங்கை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வராதவர். எங்கே போனாலும் அக்காவுக்கு இடது பக்க சீட்டுதான். பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவதே அவருக்கு வேலையாகவும் இருந்தது, குடும்பமாகவும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முந்தைய கிளாஸ் பையன் காடியைக் கிள்ளான் வரை ஓட்டிவந்து இறங்கிக்கொள்ள, அக்கா ஒரு மாணவியின் வீட்டு வாசலில் காத்திருந்தார். மாணவிக்குத் திடீரென்று வயிற்றுவலி. அக்காவின் மாணவர்களுக்கு வயிற்றுவலி வருவது சகஜம். "திரும்பி வந்திடுங்க அக்கா, ரெண்டு மணிக்குத்தான் அடுத்த கிளாஸ்" என்று போனில் சொன்னேன். "சரிம்மா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன்.

"நான் காப்பார் தாண்டிட்டேன்மா."

"காப்பார் எதுக்கு அக்கா? நீங்க வர வேண்டியது இந்தப் பக்கமாச்சே."

"திரும்புற எடத்துல ஒரு லோரி பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்துச்சு. நேரா போயிட்டேன். போனா, ரோடு ரொம்ப நல்லா இருக்கு."

"திரும்பி வாங்க அக்கா."

"யூ டர்ன் வரட்டும்மா, வரேன்."

ஜெராம் வந்தது. கோலசிலாங்கூர் வந்தது. யூ டர்ன் மட்டும் வரவில்லை. ஒவ்வோர் ஊரிலிருந்தும் அக்கா போன் செய்தார், ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி ஏறியிருந்தது. "பக்கத்து சீட்டுல என் பேக்க வச்சு பெல்ட்டு போட்டுட்டேன்மா. ஒரு வார்த்த பேசாம வருது." "எல் போர்டு இருக்குதுல்ல, பின்னாடி வர்றவன் எல்லாம் தூரமாவே வர்றான். மந்திரி போற மாதிரி இருக்கு."

தஞ்சோங் காராங் அருகே ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். எல் ஒட்டிய காடியில் ஒற்றை ஆள். "சிக்கு மானா?" என்று கேட்டாராம், வாத்தியார் எங்கே என்று.

"சாயா லா சிக்கு" என்று, நான்தான் வாத்தியார் என மார்பைத் தொட்டுக் காட்டினார் அக்கா.

அப்படியென்றால் மாணவர் எங்கே என்று கேட்டார் போலீஸ்காரர். அக்கா யோசித்துவிட்டு, அதுவும் நான்தான் என்றார். இன்ஸ்ட்ரக்டர் கார்டை வாங்கிப் பார்த்த போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு பேரும் பத்திரமாகப் போங்கள் என்று வழியனுப்பி வைத்தார்.

கவுண்டரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்புகளை மாற்றிவிட்டு, வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அக்காவின் கணவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவளா ஓட்டிட்டுப் போறா?"

"ஆமாண்ணே."

"நல்லா ஓட்டுவாளாம்மா?"

மதியம் செகிஞ்சானிலிருந்து போன் வந்தபோது அக்காவின் குரல் மாறியிருந்தது. "கடல் ஓரமா நிப்பாட்டலாம்னு எறக்குனேன்மா. காடி மணல்ல மாட்டிக்கிச்சு. தண்ணி ஏறி வருது."

ஸ்பீக்கரில் போட்டேன். பாஸ் ரூமிலிருந்து ஓடி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள் கை கழுவாமல் வந்து நின்றார்கள். சேர்வதற்கு விவரம் கேட்க வந்திருந்த ஒரு ஆன்டியும் கவுண்டரில் சாய்ந்து காதைக் கொடுத்தார்.

"அது ஸ்கூல் காடி அக்கா" என்றார் பாஸ், அழாத குறையாக.

"தெரியும் பாஸ். தண்ணிக்குத்தான் தெரியல."

"ரிவர்ஸ் போடுங்க."

"போட்டாச்சு."

"எண்ணெ பெடல மிதிங்க."

"மிதிக்கிறேன். சத்தம்தான் வருது, காடி வரல."

போனில் இன்ஜின் உறுமியது. அலை வேறு கூடவே உறுமியது. ஆளுக்கொரு யோசனை சொன்னோம்: பலகை வை, டயர் காற்றைக் குறை, சாமியைக் கும்பிடு. கடைசியில் அக்கா, "எனக்கு பயமா இருக்கும்மா" என்றார். அத்தனை பேரை நடுங்கவைத்தவர் பயம் என்றதும் பாஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வேறொரு பெண் குரல் கேட்டது. கரையில் இளநீர் விற்கும் மலாய்க்கார அம்மா. வெகு பொறுமையாக மலாயில் சொன்னார்: அக்கா, பின்னால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே.

வலது கால் எண்ணெயை மிதிக்க, கிளட்ச் இல்லாத ஆட்டோ காடியில் சும்மா இருந்த இடது கால் தன் பழக்கப்படி பிரேக்கை அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

இடது காலை எடுத்திருப்பார் போல. பிறகு மணல் அரைபடும் சத்தம், இன்ஜின் சத்தம், கடைசியாக அக்காவின் சிரிப்பு. நாங்கள் கை தட்டினோம். விவரம் கேட்க வந்த ஆன்டியும் தட்டினார். படித்தால் இந்த அக்காவிடம்தான் படிப்பேன் என்று அங்கேயே சேர்ந்துவிட்டார்.

பாஸுக்கு உயிர் வந்ததும் கோபமும் வந்தது. மறுநாள் கிள்ளானில் ஒரு நர்ஸுக்கு டெஸ்ட். ஏற்கெனவே மூன்று முறை கோட்டைவிட்டவர், அந்தக் காடியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். "இப்பவே திரும்பி வாங்க. இல்லன்னா நாளைலருந்து வேலைக்கு வரவேணாம்" என்றார் பாஸ்.

அக்கா எதையோ உறிஞ்சினார். இளநீர் குடிக்கிறார் என்று சத்தத்தில் தெரிந்தது.

"பாஸ், இவ்ளோ வருஷமா யார் யாரோ ஓட்டுனாங்க, நான் பயந்துக்கிட்டே பக்கத்துல உக்காந்திருந்தேன். இன்னிக்குத்தான் நானே என்னைய வெளிய கூட்டிட்டு வந்திருக்கேன். பாதி வழியில எறக்கிவிடச் சொல்லாதீங்க. நாளைக்கு டெஸ்டுக்கு காடி வந்துரும்."

போனை வைத்துவிட்டார். பாஸ் என்னைப் பார்த்தார். நான் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்தேன்.

சாயங்காலம் வந்த போன் லூமுட்டிலிருந்து. வழியில் ஒரு பெரிய பாலத்தில் ஏறும்போது சந்தோஷம் தாங்காமல் கத்திவிட்டாராம். "கண்ணாடிய ஏத்திட்டுத்தான் கத்துனேன்மா, மத்தவங்களுக்குத் தொந்தரவு கூடாதுல்ல." படகுத்துறை அருகே பொரித்த மீனும் சோறும் வாங்கி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "கடல் பாட்டுக்குக் கெடக்குது. யாரும் ஹாரன் அடிக்கல" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "அழுவுறேன்னு நெனைக்காத. சம்பல் காரம்."

மறுநாள் காலை டெஸ்ட் நடக்கும் இடத்துக்கு பாஸ் என்னையும் அழைத்துப் போனார். நர்ஸ் கைக்குட்டையைக் கடித்தபடி நின்றார். வேலையைவிட்டு நீக்கும்போது என்ன சொல்வது என்று பாஸ் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். சொன்ன நேரத்துக்கு முன்பே காடி கேட்டுக்குள் நுழைந்தது. சக்கரமெல்லாம் மணல். அக்கா வலது பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். முகம் வெயிலில் கறுத்து, தலை கலைந்து, பத்து வயது குறைந்தவர் போல இருந்தார்.

பாஸ் ஒத்திகையை ஆரம்பிப்பதற்குள் அக்கா டிக்கியைத் திறந்து ஒரு பெரிய பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். கருவாடு.

"இது யாருக்கு?" என்றார் பாஸ்.

"ஒங்க வீட்டுக்குத்தான் பாஸ். நல்ல மீனு, பாத்து வாங்குனேன்."

கருவாட்டுப் பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவரை வேலையைவிட்டு நீக்குவது கஷ்டம். பாஸ் முயற்சி செய்தார், வரவில்லை. நர்ஸ் அன்றும் பெயில். அக்கா திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு வந்தார். அக்கா, "போவட்டும், வா தண்ணி குடிப்போம்" என்று கூட்டிப் போனார். அந்த அதிர்ச்சியிலோ என்னவோ, அடுத்த டெஸ்டில் நர்ஸ் தேறிவிட்டார். ஒரு வாரம் கழித்து பாஸ் கவுண்டர் பக்கம் வந்து, யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, "செகிஞ்சான்ல அந்த எளநீர்க் கடை எந்தப் பக்கம்னு கேட்டு வைம்மா" என்றார்.

அக்கா போன வருஷம் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய சின்னக் காடி வாங்கினார். நினைத்தால் கிளம்பிவிடுகிறார்; ஒரு நாள் போர்ட்டிக்சன், ஒரு நாள் குவாந்தான், ஒரு நாள் மெர்சிங். போய்ச் சேர்ந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். அதில் பேச்சே இருக்காது. போனைக் கடலுக்கு நேராகப் பிடித்திருப்பார், அவ்வளவுதான். சமையல் செய்துகொண்டே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். என்ன இரைச்சல் அது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

எங்க அக்கா பேசுறாங்க என்று சொல்கிறேன்.