விதானையார் வெட்டிய அட்டை

மண்ணெண்ணெய்ப் புகை எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து நடப்பேன். ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த அந்த நாட்களில் வன்னியில் பெற்றோல் என்பது மருந்துபோல. துளித்துளியாக ஊற்றி இயந்திரத்தை எழுப்புவோம், எழும்பியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். மோட்டார்சைக்கிள், தண்ணீர்ப் பம்பி, ஜெனரேற்றர் எல்லாம் இருமிக்கொண்டே ஓடின. நாங்களும் அப்படித்தான் ஓடினோம்.

அந்தப் புகைக்குள்ளிருந்து எனக்கு எப்போதும் ஒரே மனிதர்தான் எழுந்து வருவார். கணினியைப் பாவித்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். அதற்குள் குடியிருப்பவர்களை வீடுவீடாக விசாரித்தவர் எங்கள் விதானையார் ஒருவர்தான்.

உண்மையில் அவர் ஊருக்குப் பொறுப்பான கிராம அலுவலர், அதாவது விதானை, இல்லை; அது நாங்கள் வைத்த பட்டம். யாழ்ப்பாணத்தில் ஏதோ கந்தோரில் கிளாக்கராக இருந்து, இடம்பெயர்ந்து வந்தவர். உடையார்கட்டில் ஒரு சங்கம் நடத்திய தட்டச்சு நிலையத்துக்குப் பொறுப்பாளர். நிலையம் என்றால் ஒரு கிடுகுக் கொட்டில். அதற்குள் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், தமிழ் தட்டச்ச நான். வெளியே வேப்பமரத்தோடு கட்டிய ஜெனரேற்றர். வானத்தில் ஏதாவது இரைந்தால் அதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்போம். இரைச்சல் போனதும் திரும்ப இழுத்து எழுப்புவோம்.

திரையில் ஒரு கடிதம் மட்டும் திறந்திருக்கும்போதும் உள்ளே புரோகிராம் என்ற பெயரில் வேறு பலர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றோடு மனுசனின் நிம்மதி போயிற்று. ஊர் விதானை வீட்டுக்கு வந்து ஆட்களைப் பார்த்து, இல்லாத ஆளின் பெயரில் நிவாரண அரிசி எடுத்தால் பங்கீட்டு அட்டையை வெட்டுவார் அல்லவா? இவர் அதே வேலையைக் கணினிக்குள் தொடங்கினார். கொன்ட்ரோல், ஓல்ட், டிலீற் மூன்றையும் கோழியை அமத்துவதுபோல ஒன்றாக அமத்துவார். உள்ளே ஓடுபவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விசாரணையைத் தொடங்குவார். இவர் ஆர்? ஆரோட வந்தவர்? இவருக்கு இஞ்ச என்ன வேலை?

“தம்பி, முன் வீட்டில ஒரு குடும்பம்தான் சமைக்குது. பின் பத்தியில எத்தினை குடும்பம் படுத்திருக்கு எண்டு உமக்குத் தெரியுமோ? எல்லாருக்கும் என்ர மண்ணெண்ணெயிலதான் சோறு.”

அவை தின்றது மண்ணெண்ணெயை அல்ல, கணினியின் நினைவகத்தை. ஆனால் நினைவகம் நிரம்பினால் வேலை இழுபடும், வேலை இழுபட்டால் ஜெனரேற்றர் நெடுநேரம் ஓடும். ஆகையால் அவருடைய கணக்குப் பிழையான ஒழுங்கையால் போய்ச் சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதுதான் ஆபத்து. பாதிச் சரியாக இருக்கும் மனிதரை யாரால் திருத்த முடியும்?

வைரஸ் பிடிக்கும் புரோகிராமுக்கு மட்டும் மரியாதை. அவர் காவலுக்கு நிற்பவர், நிற்கட்டும். மூலையில் மணி காட்டிய அலங்காரக் கடிகாரத்தை முதல் நாளே வெளியேற்றினார், கையில் மணிக்கூடு கட்டியிருப்பவனுக்கு அது எதற்கு என்று. ஒருநாள் எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரில் கை வைத்தார். அது முழுக் கணினியையுமே அணைக்கட்டுமா என்று கேட்டது. விதானையார் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

“பாரும் திமிரை. உவனை வெளியில போகச் சொன்னா, வீட்டுக்காரனை எழும்பட்டாம்.”

இப்படியிருக்கும்போதுதான் புஷ்பம் ரீச்சர் வந்தார். தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். ரீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியை. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் மாதிரிப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு முதல்முறையாக அவரிடம் வந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பேப்பர் போடத் தெரியுமோ என்று பின்னால் கதைத்தவர்கள் இருந்தார்கள், அது அவருக்கும் தெரியும். மறுநாள் காலை பரீட்சை. கையெழுத்துப் பிரதியை நெஞ்சோடு அணைத்தபடி வாங்கில் இருந்தார். முதுகு வாங்கில் சாயவேயில்லை.

ஜெனரேற்றரின் தாங்கியில் கொஞ்சம்தான் கிடந்தது. கடையில் மண்ணெண்ணெய் இல்லை. நான் வேகமாகத் தட்டினேன், கணினி வேகமாகப் போகவில்லை. பின்னேர வெயில் கிடுகுக்குள்ளால் இறங்கி விசைப்பலகையில் ஊர்ந்தது. கடைசிப் பக்கம் தொடங்கும்போது விதானையாருக்குப் பொறுக்கவில்லை.

“எழும்பும் தம்பி. உள்ளுக்குச் சனம் கூடிப்போச்சு.”

மூன்று விசைகளையும் அமத்தினார். வரிசை வந்தது. நடுவில் அவருக்குப் பழக்கமில்லாத ஒரு குட்டி ஆங்கிலப் பெயர். நான் வாய் திறக்கமுன் அட்டையை வெட்டிவிட்டார். திரும்ப உட்கார்ந்து தட்டினேன். ‘ஒளி’ என்று தட்டினால் ‘ழூணு’ என்று வந்தது. ‘தாவரம்’ தட்டினேன். அதை வாயால் சொல்ல எந்தத் தொண்டையாலும் முடியாது. அவர் வெளியேற்றியது, நாங்கள் தட்டும் விசைகளைத் தமிழாக மாற்றித் தந்த புரோகிராம்.

ஜெனரேற்றர் ஒருமுறை இருமியது. புஷ்பம் ரீச்சர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை.

“சேர், உள்ளுக்குத் தமிழ் தெரிஞ்சவரு அவர் ஒருத்தர்தான் போல. அவரையே அனுப்பிட்டீங்களே.”

விதானையாரின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக இறங்கி மூக்கில் விழுந்தது. வெளியே போன தமிழ்க்காரரைத் திரும்பக் கூப்பிட எங்களுக்கு ஒரே வழிதான் தெரியும்: கணினியை அணைத்து மறுபடி ஏற்றுவது. அணைத்தோம், ஏற்றினோம். அது சோம்பல் முறித்து, ஒவ்வொருவராக எழுப்பி, காவற்காரனை நிறுத்தி, ஊரெல்லாம் விசாரித்து, கடைசியில்தான் தமிழை உள்ளே விட்டது. நான் மிச்சத்தைத் தட்டி முடித்தேன். பிரிண்டர் முதல் தாளை இழுக்கத் தொடங்கியது. வெளியே ஜெனரேற்றரின் சத்தம் மெலிந்தது.

திரும்பிப் பார்த்தேன், கதிரையில் விதானையார் இல்லை. வேப்பமரத்தடியில் தன் மோட்டார்சைக்கிளைச் சரித்துப் பிடித்து, குழாயைக் கழற்றி, தாங்கியில் கிடந்த மண்ணெண்ணெய் முழுவதையும் ஒரு பால்மா ரின்னுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். அவருடைய வீடு பல மைல் தள்ளி, தண்ணீரூற்றில். அங்கே போக அந்த மண்ணெண்ணெயைத் தவிர அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. ஜெனரேற்றர் அதைக் குடித்து நிமிர்ந்தது. தாள்கள் வந்தன. அன்று பட்டியலைத் திறந்து யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. பிரிண்டர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு தாளையும் சூட்டோடு எடுத்து உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயத் தெருவுக்கு வந்தோம். அவர் மோட்டார்சைக்கிளின் கைபிடியைப் பிடித்து உருட்ட, நான் பின்னாலிருந்து தள்ளினேன். புஷ்பம் ரீச்சர் வினாத்தாள் கட்டைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, ஏறாமல், எங்களோடு நடந்து வந்தார். நன்றி சொல்லப் பார்த்தார், விதானையார் விடவில்லை. அட்டையை வெட்டியதே தான்தானே என்று புறுபுறுத்தார். ரீச்சருடைய பாதை பிரிகிற சந்தியில் நின்றோம். அதுவரை அவரைப் “பிள்ளை” என்றே கூப்பிட்டு வந்த மனுசன், மோட்டார்சைக்கிளை இடுப்பில் சாய்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆறாங் கேள்விக்கு எனக்கு விடை வரேல்லை, ரீச்சர். சோதினை முடிய ஒருக்கா வந்து சொல்லித் தாங்கோ. இப்ப இருட்ட முன்னம் போய்ச் சேருங்கோ.”